வரி இல்லை, ஆனால் வாசல் உண்டு: வர்த்தகக் கூட்டமைப்பிலிருந்து ஒரு நாடு விலகும்போது

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழுகின்றன. ‘அதுதான் வரியே இல்லாமல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்களே, பிறகு என்ன நஷ்டம்?’ என்பது ஒன்று. ‘பிரிட்டன் பொருளாதாரமே நொடித்துப்போய்விட்டது’ என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தெரியும் இவ்விரண்டு தவறுகளும் ஒரே வேரில் முளைத்தவை. வர்த்தகக் கூட்டமைப்பு என்பது நாடுகள் தமக்குள் சுங்க வரியைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான் என்ற எண்ணமே அந்த வேர். உண்மையில் வரி அதன் சிறிய பகுதி. எல்லையில் ஒரு லாரி நிற்க வேண்டுமா, நின்றால் யார் அதைத் திறந்து பார்ப்பது, யார் கையெழுத்தை நம்புவது என்பவைதான் பெரிய பகுதி. விலகலின் பொருளாதார விளைவுகளும் அரசியல் விளைவுகளும் அந்த எல்லையிலிருந்தே கிளம்புகின்றன.

## ஐந்து வீடுகளும் ஒரு முற்றமும்

அடுத்தடுத்து நிற்கும் ஐந்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல், வாசலில் ஒரு காவலாளி. பக்கத்து வீட்டுக்கு ஒரு பொருளை எடுத்துச் சென்றால் காவலாளி இரண்டு வேலைகளைச் செய்வார். நுழைவுக் கட்டணம் வாங்குவார். பையைத் திறந்து பார்ப்பார். அந்தக் கட்டணம்தான் சுங்க வரி, அதாவது எல்லைக்குள் வரும் பொருளுக்கு ஒரு நாடு விதிக்கும் வரி.

ஒரு நாள் ஐந்து வீட்டாரும் கூடி, ‘நமக்குள் கட்டணம் வேண்டாம்’ என்று முடிவு செய்கிறார்கள். இது தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். பெயரில்தான் தடை இல்லை. மதிலும் வாசலும் காவலாளியும் அங்கேயேதான் இருக்கிறார்கள். வெளியாரிடம் எவ்வளவு கட்டணம் வாங்குவது என்பதும் அந்தந்த வீட்டின் விருப்பம். இங்கே ஒரு தந்திரத்துக்கு இடம் இருக்கிறது. வெளியாள் ஒருவர் கட்டணம் குறைவாக உள்ள வீட்டில் சரக்கை இறக்கி, அங்கிருந்து மற்ற வீடுகளுக்குக் கட்டணமே இல்லாமல் கொண்டுபோய்விடலாம். அதைத் தடுக்கக் காவலாளி, ‘இது உங்கள் வீட்டில் செய்ததா, வெளியே வாங்கியதா? அத்தாட்சி எங்கே?’ என்று கேட்பார். ஒரு பொருள் எந்த நாட்டில் எந்த அளவுக்கு உருவானது என்று நிரூபிக்கச் சொல்லும் இந்த விதிகளை உற்பத்தி மூல விதிகள் என்பார்கள். கட்டுரையில் இவை மீண்டும் வரும்.

அடுத்த படி சுங்க ஒன்றியம். ‘வெளியாரிடம் ஐந்து வீடுகளும் ஒரே கட்டணம் வாங்குவோம்’ என்று ஒப்புக்கொண்டால் அந்தத் தந்திரத்துக்கு வேலையில்லை, அத்தாட்சியும் தேவையில்லை. இதற்கு விலை உண்டு. எந்த வீடும் இனித் தனியாக வெளியாரோடு கட்டணப் பேரம் பேச முடியாது.

இன்னும் பை திறக்கப்படுகிறது. உள்ளே இருப்பது பாதுகாப்பானதா, நோய் பரப்பாததா, தரமானதா என்று பார்க்க வேண்டாமா? ஐந்து வீடுகளிலும் ஒரே தர விதி, மீறினால் தீர்ப்புச் சொல்ல ஒரே நடுவர், ஒரு வீட்டின் சோதனையை மற்ற வீடுகள் அப்படியே ஏற்பது என்று வந்தால்தான் அந்தத் தேவை போகும். ஆட்களும் எந்த வீட்டிலும் வேலை செய்யலாம் என்றால் மதிலே வேண்டியதில்லை. இடித்துவிட்டு நடுவில் ஒரே முற்றம் ஆக்கிவிடலாம். இதுதான் ஒற்றைச் சந்தை.

இந்தப் படிகளை ஏற ஐரோப்பா எடுத்துக்கொண்ட காலமே எது கடினம் என்பதைக் காட்டிவிடுகிறது. ஒன்றியத்தின் முன்னோடியை உருவாக்கிய ரோம் உடன்படிக்கை 1957இல் கையெழுத்தானது. அதில் கையெழுத்திட்ட ஆறு நாடுகளும் தமக்குள் வரிகளை ஒழித்துச் சுங்க ஒன்றியத்தை 1968இல் முடித்துவிட்டன. பையைத் திறப்பதை நிறுத்தவோ மேலும் 25 ஆண்டுகள் ஆயின. ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்காக ஏறத்தாழ 300 சட்ட மாற்றங்களைப் பட்டியலிட்ட 1985ஆம் ஆண்டு அறிக்கையைத் தயாரித்தவர், பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஐரோப்பிய ஆணையத்துக்கு அனுப்பிவைத்த ஆணையர் ஆர்தர் காக்ஃபீல்ட். பின்னாளில் பிரிட்டன் விட்டு வெளியேறிய முற்றத்தின் வரைபடத்தில் பிரிட்டனின் கைவண்ணமே அதிகம் என்பது வரலாற்றின் குறும்பு.

சுருங்கச் சொன்னால், கட்டணத்தை நீக்குவது முதல் படி, வெளிக்கட்டணத்தை ஒன்றாக்குவது இரண்டாம் படி, விதிகளை ஒன்றாக்குவது மூன்றாம் படி. படி ஏற ஏற வர்த்தகம் எளிதாகும். தனியாக முடிவெடுக்கும் உரிமை குறையும்.

## மதில் மீண்டும் எழும்போது

பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலக வேண்டும் என்றனர். 2020 ஜனவரி 31 அன்று விலகியது. எதுவும் மாறாத இடைக்காலம் ஒன்று அந்த ஆண்டு முடியும் வரை நீடித்தது. 2021 ஜனவரி 1 முதல் வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரு தரப்புப் பொருள்களுக்கும் வரி இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. நம் உவமையில் சொன்னால், பிரிட்டன் மூன்றாம் படியிலிருந்து நேராக முதல் படிக்கு இறங்கியது.

கட்டணம் இல்லாவிட்டாலும் காவலாளி திரும்பி வந்துவிட்டார். இதற்குச் சிப்பி வியாபாரத்தைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. வேல்ஸ் கரையோரத்திலும் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் வளர்க்கப்படும் மட்டிகளையும் சிப்பிகளையும் உயிரோடு லாரியில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள். சுத்தமான நீரில் வளர்ந்தவற்றுக்குச் சிக்கல் இல்லை. இரண்டாம் தரம் என்று வகைப்படுத்தப்பட்ட நீரில் வளர்ந்தவற்றை விற்பனைக்கு முன் தூய நீர்த் தொட்டிகளில் விட்டுக் கழுவ வேண்டும். உறுப்பு நாடாக இருந்தவரை அவற்றை அப்படியே அனுப்பினால் போதும். வாங்குபவரே அங்குள்ள தொட்டிகளில் சுத்தம் செய்துகொள்வார். வெளிநாட்டுச் சிப்பி என்றால் எல்லைக்கு வரும் முன்பே சுத்தமாகியிருக்க வேண்டும் என்பது ஒன்றியத்தின் விதி. 2021 ஜனவரியில் அந்த வியாபாரம் ஒரே நாளில் நின்றது. நீர் மாறவில்லை, சிப்பி மாறவில்லை, விதிகூட மாறவில்லை. விதியின் கண்ணில் பிரிட்டன் மாறிவிட்டது. அது இப்போது ‘மூன்றாம் நாடு’, அதாவது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடு. ஒன்றியம் தங்களைத் தண்டிக்கிறது என்று பலர் அப்போது குமுறினார்கள். உள்ளே இருந்த காலத்தில் பிரிட்டனும் சேர்ந்து மற்ற வெளிநாடுகள்மீது நடத்திவந்த விதிதான் அது.

இறைச்சி, மீன், பால் பொருள் எதுவானாலும் இப்போது ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அதில் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் கையெழுத்திட வேண்டும். ஒரே நிறுவனம் லாரி நிறைய ஒரே சரக்கை ஏற்றினால் ஒரு கட்டுக் காகிதத்தோடு வேலை முடியும். பத்துச் சிறு வியாபாரிகள் ஆளுக்குச் சில பெட்டிகளை ஒரே லாரியில் ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் தனிக் காகிதம் வேண்டும். ஒருவர் காகிதத்தில் பிழை இருந்தாலும் பத்துப் பேர் சரக்கும் துறைமுகத்தில் காத்துக் கிடக்கும். இத்தகைய செலவுகளுக்கு வரியல்லாத் தடைகள் என்று பெயர். பெரிய நிறுவனம் இதற்கென்று ஒரு பிரிவையே அமர்த்திக்கொள்ளும். சிறு நிறுவனம் கணக்குப் பார்த்துவிட்டு ஏற்றுமதியையே விட்டுவிடும். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது இப்படித்தான்.

‘வரி இல்லை’ என்பதுகூட முழு உண்மை இல்லை. ஜெர்மனியில் செய்த மிட்டாய் பிரிட்டனில் உள்ள கிடங்குக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய இடமும் முடியும் இடமும் ஒன்றியம்தான். ஆயினும் பிரிட்டனில் அந்த மிட்டாய்க்கு எந்த வேலையும் நடக்காததால் அது பிரிட்டிஷ் பொருள் ஆகாது. ஒன்றியத்தை விட்டு ஒரு முறை வெளியேறிவிட்டதால் பழைய சலுகையும் கிடைக்காது. எல்லையில் வரி விழும். 2021 தொடக்கத்தில் சில்லறை வணிக நிறுவனங்கள் உண்மையாகவே இதில் மாட்டிக்கொண்டன. கார் போன்ற பொருள்களில் பணயம் இன்னும் பெரிது. போதிய அளவு உள்நாட்டு, ஐரோப்பிய உதிரிப்பாகம் இல்லையென்றால் ஒன்றியத்தின் 10 சதவீத வரி கட்ட வேண்டும். மின்சார கார்களின் மின்கலங்கள் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வருவதால், அவற்றுக்கான கடுமையான மூல விதியை 2024இல் தொடங்காமல் 2026 இறுதி வரை இரு தரப்பும் ஒத்திவைக்க நேர்ந்தது.

## கண்ணுக்குத் தெரியாத சரக்கு

சேவைகளை விரைவாகக் கடந்துவிடலாம். அவற்றுக்கு லாரியும் துறைமுகமும் இல்லை என்பதால் செய்தியிலும் இடம் குறைவு. ஆனால் பிரிட்டனின் ஏற்றுமதியில் சேவைகளின் பங்கு மிகப் பெரியது. ஒற்றைச் சந்தையில் ஒரு நாட்டில் உரிமம் பெற்ற வங்கி மற்ற எல்லா உறுப்பு நாடுகளிலும் தொழில் செய்யலாம். இந்தக் கடவு உரிமை விலகலோடு போய்விட்டது. லண்டனில் இருந்த ஐரோப்பிய மருந்துகள் முகமை ஆம்ஸ்டர்டாமுக்கும், ஐரோப்பிய வங்கியியல் ஆணையம் பாரிஸுக்கும் இடம்பெயர்ந்தன. 2021 ஜனவரியில் ஐரோப்பாவின் மிகப் பெரிய பங்கு வர்த்தக மையம் என்ற இடத்தை லண்டனிடமிருந்து ஆம்ஸ்டர்டாம் பிடித்துக்கொண்டது. அதனால் லண்டன் நிதி மையம் சரிந்துவிடவில்லை; அமெரிக்கா, ஆசியாவோடான தொழில் அதற்கு இன்னும் ஏராளம். ஆனாலும், வேலைகள் கொத்தாக ஓடவில்லையே என்று ஆறுதல் கொள்பவர்கள், புதிதாக வரவேண்டியவை எங்கே போயின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## இழப்பு ஏன் கண்ணில் படுவதில்லை

இங்கேதான் குழப்பம் அதிகம். வாக்கெடுப்பு முடிவு வந்த மறுநாள் பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிராக 1985க்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது. நாணயம் மலிந்தால் இறக்குமதி விலை ஏறும்; 2017 நவம்பரில் பிரிட்டனின் பணவீக்கம் 3.1 சதவீதத்தைத் தொட்டது. விலகல் நடப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அதன் விலையில் ஒரு பகுதி வசூலாகிவிட்டது என்று சொல்லலாம். அடுத்து வந்தது முதலீட்டுத் தேக்கம். ஐந்து ஆண்டுகள் கழித்து எந்த விதி இருக்கும் என்று தெரியாத நாட்டில் தொழிற்சாலை கட்ட யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

2021 ஜனவரியில் ஒன்றியத்துக்கான பிரிட்டனின் சரக்கு ஏற்றுமதி முந்தைய மாதத்தைவிட 40.7 சதவீதம் வீழ்ந்தது. ‘பார்த்தீர்களா!’ என்றனர் ஒரு சாரார். சில மாதங்களில் பெரும்பகுதி மீண்டபோது, ‘பார்த்தீர்களா!’ என்றனர் மறு சாரார். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். டிசம்பரில் முன்கூட்டியே சரக்குக் குவித்தது, கொரோனா முடக்கம், புதிய காகிதங்களில் தடுமாற்றம் எல்லாம் அந்த ஒரு மாதத்தில் கலந்திருந்தன.

உண்மையான இழப்பை அளக்க வேறு கேள்வி கேட்க வேண்டும். விலகாமல் இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்கும்? நேற்றைய உயரத்தோடு இன்றைய உயரத்தை ஒப்பிட்டால் பிள்ளை வளர்ந்துதான் இருக்கும். நன்றாகச் சாப்பிட்டிருந்தால் எட்டியிருக்கக்கூடிய உயரத்தோடு ஒப்பிட்டால்தான் குறை தெரியும். அந்த இன்னொரு பிரிட்டன் எங்கும் இல்லாததால் பொருளியலாளர்கள் அதைக் கணக்கில் உருவாக்குகிறார்கள். வாக்கெடுப்புக்கு முன் பிரிட்டனைப் போலவே வளர்ந்துவந்த நாடுகளின் கலவை ஒன்றை எடுத்து, அதன் பிந்தைய வளர்ச்சியோடு ஒப்பிடுகிறார்கள். அரசின் நிதிக் கணிப்புகளைத் தனித்து நின்று தயாரிக்கும் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகமோ, இத்தகைய பல ஆய்வுகளின் அடிப்படையில், நீண்ட காலத்தில் பிரிட்டனின் உற்பத்தித் திறன் 4 சதவீதமும், ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதமும், விலகாத நிலையைவிடக் குறைவாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. 4 சதவீதம் என்பது ஓர் ஆண்டின் வீழ்ச்சி அல்ல. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் மெல்லச் சேரும் பற்றாக்குறை. ஆகவேதான் ‘நொடித்துப்போனது’ என்பதும் ‘ஒன்றுமே ஆகவில்லை’ என்பதும் ஒருங்கே தவறாகின்றன.

தொலைதூர நாடுகளோடு புதிய ஒப்பந்தங்கள் போட்டு இதை ஈடுகட்ட முடியாதா? ஓரளவுக்குத்தான். வர்த்தகம் பொருளாதாரத்தின் அளவைப் பொறுத்துக் கூடும், தூரத்தைப் பொறுத்துக் குறையும். இயற்பியலை நினைவூட்டுவதால் இதை ஈர்ப்பு மாதிரி என்கிறார்கள். ஆஸ்திரேலியாவுடன் பிரிட்டன் செய்த ஒப்பந்தம் நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தியை 0.08 சதவீதம் உயர்த்தும் என்பது பிரிட்டன் அரசின் சொந்த மதிப்பீடு. 2024 டிசம்பரில் பசிபிக் நாடுகளின் வர்த்தகக் கூட்டணியில் சேர்ந்ததும், 2025 ஜூலையில் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்ததும் மதிப்புள்ளவையே. ஆனால் வாசலுக்கு எதிரே இருக்கும் கடைக்குச் செல்லும் பாதையை நீட்டிவிட்டு, ஊர்க்கோடிக் கடைக்குப் போகும் பாதையைச் சுருக்கினால் மொத்த நடை குறைந்துவிடாது.

இதுவரை பார்த்ததில் நினைவில் நிற்க வேண்டியது இதுதான்: இழப்பு வரியாக வரவில்லை, காகிதமாகவும் காத்திருப்பாகவும் தயக்கமாகவும் வந்தது, அது சிறுகச் சிறுகச் சேர்வதால், யாரும் ஒரு தேதியைச் சுட்டி ‘அன்றுதான்’ என்று சொல்ல முடியாது.

## மதிலை எங்கே எழுப்புவது?

மதில் எழுப்ப முடிவெடுத்தாயிற்று, எந்தக் கோட்டில்? பெரும்பாலான எல்லைகளில் இந்தக் கேள்வி எழாது. அயர்லாந்துத் தீவில் எழுந்தது.

தீவின் வடக்கு பிரிட்டனைச் சேர்ந்தது. மீதி ஒன்றியத்தின் உறுப்பினரான அயர்லாந்துக் குடியரசு. நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்கும் 200க்கும் மேற்பட்ட சாலைகள். முப்பது ஆண்டு வன்முறையை முடித்துவைத்த 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு அந்தச் சாலைகளில் சோதனைச் சாவடி இல்லை. இரு நாடுகளும் ஒரே முற்றத்தில் இருந்ததால் சாவடிக்குத் தேவையும் இல்லை.

பிரதமர் தெரசா மே மூன்று வாக்குறுதிகளை அளித்தார். பிரிட்டன் சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டு முழுதாக வெளியேறும். அயர்லாந்துத் தீவில் சாவடி வராது. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் நடுவே கடலிலும் சோதனை வராது. இவற்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் காப்பாற்றலாம். மூன்றையும் சேர்த்துக் காப்பாற்ற இயலாது. மதில் வேண்டும், ஆனால் எந்த இடத்திலும் கூடாது என்றால் எப்படி? வேறு வழி கிடைக்கும் வரை பிரிட்டன் முழுவதுமே சுங்க ஏற்பாட்டில் தொடரும் என்ற மேயின் திட்டம், அதாவது முதல் வாக்குறுதியைத் தளர்த்தும் திட்டம், 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தில் 202க்கு 432 என்ற கணக்கில் தோற்றது. அந்நாட்டின் அரசு ஒன்று அந்த அவையில் சந்தித்த ஆகப் பெரிய தோல்வி அது. அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் மூன்றாம் வாக்குறுதியைக் கைவிட்டார். வட அயர்லாந்து பொருள்களைப் பொறுத்தவரை ஒன்றியத்தின் விதிகளிலேயே நீடிக்கும். சோதனை கடலைத் தாண்டி வரும் துறைமுகங்களில் நடக்கும். ஒரே நாட்டுக்குள் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குச் சரக்கு அனுப்பச் சுங்கப் படிவம் தேவைப்பட்டது.

பிரிட்டனோடான பிணைப்பையே தங்கள் அடையாளமாகக் கொண்ட ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி இதை ஏற்கவில்லை. 2022 பிப்ரவரியில் அக்கட்சி விலகியதால் வட அயர்லாந்தின் கூட்டு அரசு முடங்கி, இரண்டு ஆண்டுகள் முடங்கியே கிடந்தது. 2023 பிப்ரவரியில் ரிஷி சுனக்கும் ஒன்றியத்தின் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையனும் அறிவித்த விண்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே விற்கப்படும் சரக்குக்குப் பச்சைப் பாதை, அதைத் தாண்டிப் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று பிரித்து உரசலைக் குறைத்தது. குறைத்தது என்பதுதான் சரியான சொல். சோதனை இடமும் அளவும் மாறின, மறையவில்லை.

## வாக்கெடுப்பு சொன்னதும் சொல்லாததும்

வாக்குச் சீட்டில் இருந்தவை இரண்டே வழிகள்: ‘இரு’, ‘விலகு’. முதலில் பார்த்த படிகளில் எந்தப் படி வரை இறங்குவது என்று அதில் இல்லை. நார்வேயைப் போல ஒற்றைச் சந்தையில் மட்டும் இருப்பதும் விலகல்தான். துருக்கியைப் போலச் சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருப்பதும், கனடாவைப் போல ஒப்பந்தம் மட்டும் வைத்துக்கொள்வதும், ஒப்பந்தமே இல்லாமல் போவதும் விலகல்தான். விலகச் சொன்ன 51.9 சதவீதத்தினரில் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொன்று இருந்தது. ஒன்றியத்தின் பேச்சுவார்த்தையாளர் மிஷல் பார்னியே 2017 டிசம்பரில் ஒரு படிக்கட்டுப் படத்தைக் காட்டினார். பிரிட்டன் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இறங்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் நிற்கும் இடம் கனடாவின் படி. மூன்று ஆண்டு ஆரவாரத்துக்குப் பிறகு ஏறக்குறைய அந்தப் படியில்தான் பிரிட்டன் வந்து நின்றது. என் கணிப்பில், பிரெக்ஸிட் எனப்படும் இந்த விலகல் காலத்து அரசியல் குழப்பத்தில் பாதிக்குக் காரணம் யாருடைய பிடிவாதமும் அல்ல, அந்தச் சீட்டின் சுருக்கம்.

விளைவு, கட்சிகளுக்குள்ளேயே பிளவு. 2016க்கும் 2024க்கும் இடையே கேமரன், மே, ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர் என ஆறு பேர் பிரதமர் நாற்காலியில் அமர்ந்தனர். எல்லா மாற்றத்துக்கும் விலகல் காரணம் அல்ல என்றாலும் முதல் இரண்டுக்கு ஐயமின்றி அதுவே காரணம். நாடாளுமன்றத்தை ஜான்சன் முடக்கிவைத்தது சட்டவிரோதம் என்று 2019 செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்தில் 62 சதவீதத்தினர் ஒன்றியத்திலேயே இருக்க வாக்களித்திருந்ததால், தனிநாட்டுக் கோரிக்கை புத்துயிர் பெற்றது.

## கட்டுப்பாடு திரும்பக் கிடைத்ததா?

கிடைத்தது, சில துறைகளில் மெய்யாகவே. தன் சுங்க வரியைப் பிரிட்டன் தானே நிர்ணயிக்கிறது; பண்ணை மானிய முறையை மாற்றியது; மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2023இல் தனிச் சட்டம் இயற்றியது; 2025இல் அமெரிக்கா உலகெங்கும் வரி விதித்தபோது பிரிட்டனுக்கு 10 சதவீதமும் ஒன்றியத்துக்கு 15 சதவீதமும் அடிப்படை அளவாக அமைந்தன. இவற்றை ஒன்றுமில்லை என்று தள்ளுவது நேர்மை அல்ல. கொரோனா தடுப்பூசிக்கு 2020 டிசம்பர் 2 அன்றே அனுமதி தந்ததை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அது இடைக்காலத்தில், ஒன்றியச் சட்டத்தின் அவசரப் பிரிவின் கீழ் தரப்பட்டது.

குடியேற்றத்தில் கிடைத்த கட்டுப்பாடு விசித்திரமான பாடம். ஒன்றியத்திலிருந்து தடையின்றி ஆட்கள் வருவது நின்றது. 2021 இலையுதிர்காலத்தில் லாரி ஓட்டுநர் பற்றாக்குறை ஏற்பட்டு, அரசு தற்காலிக விசாக்களை அறிவிக்க நேர்ந்தது. ஆனால் மற்ற நாடுகளுக்கான விசா விதிகளைப் பிரிட்டனே தளர்த்தியதால், 2023 ஜூனுடன் முடிந்த ஓராண்டில் வந்தவர்களிலிருந்து சென்றவர்களைக் கழித்த எண்ணிக்கை 9 லட்சத்தையும் தாண்டியது. கட்டுப்பாடு கைக்கு வந்தது. அதைப் பயன்படுத்திய விதம் வாக்களித்த பலர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஐரோப்பாவுக்கு விற்பவர் ஐரோப்பிய விதிப்படியே செய்தாக வேண்டும். அந்த விதியை எழுதும் மேசையில் பிரிட்டனுக்கு இப்போது நாற்காலி இல்லை. ஒற்றைச் சந்தையில் இருந்தும் வாக்குரிமை இல்லாத நார்வேயில் இதைத் தொலைநகல் ஜனநாயகம் என்று கேலி செய்வார்கள்: சட்டம் வேறிடத்திலிருந்து தொலைநகலில் வந்து இறங்கும்.

## வேறு முற்றங்களில்

டென்மார்க்கின் ஆட்சிப்பகுதியாக அதனோடு ஐரோப்பியக் கூட்டமைப்புக்குள் வந்த கிரீன்லாந்து, 1982இல் வாக்களித்து 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. மக்கள்தொகை சிறிது, பேச வேண்டிய பொருள் ஏறக்குறைய மீன் ஒன்றே. அதற்கே மூன்று ஆண்டுகள். தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்பான ஆண்டியன் சமூகத்திலிருந்து 2006இல் விலகுவதாக அறிவித்த வெனிசுவேலாவுக்கு வரிச் சலுகைகள் விதிப்படி 2011 வரை தொடர்ந்தன.

மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றும் ராணுவ ஆட்சிக்கு உள்ளானபோது பிராந்தியக் கூட்டமைப்பான எக்கோவாஸ் அவற்றை இடைநீக்கம் செய்தது. நைஜரின் எல்லைகளும் மூடப்பட்டன. மூன்றும் 2024 ஜனவரியில் விலகலை அறிவித்து, 2025 ஜனவரி 29 அன்று வெளியேறின. இங்கே காரணம் முழுக்க அரசியல், வர்த்தகம் பின்விளைவு. மூன்றுக்கும் கடற்கரை இல்லை, சரக்கு அண்டை நாட்டுத் துறைமுகங்கள் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே உறவை முற்றிலும் அறுத்துக்கொள்ள இரு தரப்புக்கும் மனமில்லை. புதிய ஏற்பாடு வரும் வரை கடவுச்சீட்டுகளையும் சரக்குகளையும் பழையபடி ஏற்பதாக எக்கோவாஸ் அறிவித்தது. பொது நாணயமான சிஎஃப்ஏ பிராங்கைப் பயன்படுத்தும் எட்டு நாடுகளின் ஒன்றியத்தில் மூன்றும் தொடர்கின்றன. பெரிய முற்றத்தை விட்டு வெளியேறி, அதனுள்ளே இருக்கும் சின்ன முற்றத்தில் நிற்பது போன்ற நிலை இது.

## வெளியேறிய பின்னும் பேரம்

பிரிட்டனும் ஒன்றியமும் 2025 மே 19 அன்று லண்டனில் கூடி, உணவு, விலங்கு, தாவரப் பொருள்களுக்குப் பொதுச் சுகாதார ஏற்பாடு ஒன்றை உருவாக்க ஒப்புக்கொண்டன. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் பெரும்பாலான சான்றிதழ்களும் சோதனைகளும் போகும்; சிப்பிகளுக்கும் ஐரோப்பியச் சந்தை மீண்டும் திறக்கும் என்று பிரிட்டன் அரசு அறிவித்தது. பதிலுக்குப் பிரிட்டன் அந்தத் துறையில் ஒன்றியத்தின் விதிகளை, அவை மாற மாறத் தானும் பின்பற்றும். சட்டத்தின் பொருள் குறித்துச் சிக்கல் எழுந்தால் ஐரோப்பிய நீதிமன்றத்தின் விளக்கமே இறுதியானது. பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகள் மீன்பிடிக்கும் ஏற்பாடும் அதே நாளில் 2038 வரை நீட்டிக்கப்பட்டது. கால்நடை மருத்துவரின் கையெழுத்து தேவைப்படாமல் போவதற்கு இந்த விலை தகுமா என்ற வாதம் லண்டனில் அன்றே தொடங்கிவிட்டது.